ரிப்போர்ட்டில் பாஸ் ஆன தண்ணீர்

காங்கயம் பக்கம் மெயின் ரோட்டை ஒட்டி எங்கள் வீடு. வீட்டிலேயே பெரிய கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்துச் சுற்று வட்டாரக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் போர் தண்ணீரில் பெட்ரோலும், பெட்ரோலில் சேர்க்கும் எம்டிபிஇ என்ற ஒரு ரசாயனமும் இறங்கியிருக்கிறது என்று தெரிய வருவதற்குள் ஒரு வருடத்துக்குப் பக்கமாகிவிட்டது. இதுவரை கையை விட்டுப் போன பணம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். மாவு வியாபாரம் படுத்தது தனிக் கணக்கு. "இந்த டெஸ்டைக் கேளு, இதுக்குப் பணம் போடாதே" என்று யாராவது நாலு வார்த்தை சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும். சொல்ல ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் சொன்னவர் மாவு வாங்கும் ஒரு மளிகைக் கடைக்காரர். "ஏனுங்க அக்கா, மாவுல என்னமோ மருந்து வாசம் வருதுன்னு ரெண்டு மூணு பேரு திருப்பிக் குடுத்துட்டாங்க. புளிச்ச வாசம் இல்லீங்க, வேற என்னமோ" என்றார். பாக்கெட் போடும் கவர் வாசமாக இருக்கும் என்று கவரை மாற்றினேன். கிரைண்டர் கல்லைக் கழற்றிச் சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவினேன். உளுந்து வாங்கும் இடத்தை மாற்றினேன். ஒன்றுக்கும் அடங்கவில்லை. எனக்கே பிடிபட்டது இட்லிப் பானையில்தான். மூடியைத் தூக்கியதும் வரும் முதல் ஆவியில் ஒரு வாசம். பெயிண்டர் பிரஷ் கழுவும் தின்னர் வாசம், கூடவே லேசான ஒரு தித்திப்பு. இரண்டு நொடிதான். ஆவி கலைந்தால் போய்விடும். ஆறிய இட்லியை மோந்து பார்த்தால் வெறும் இட்லி வாசம். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவதற்குள் மறைந்துவிடும். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். அத்தைக்கு மட்டும் தெரிந்தது. பாத்ரூமில் வெந்நீர் ஊற்றிக் குளித்தால் கண் கரிக்கிறது என்று அவர் கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார். வயசாயிடுச்சு, கண்ணாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நாங்கள் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தோம்.

இப்போது காரணம் தெரியும். இந்த வகைச் சரக்கெல்லாம் சூடு பட்டதும் தண்ணீரை விட்டுக் கிளம்பிவிடும். பச்சைத் தண்ணீரில் ஒளிந்திருப்பது வெந்நீரில்தான் மூக்குக்கு எட்டும். ஒரே வாசம் ஒருத்தர் மூக்குக்கு எட்டும், இன்னொருத்தருக்கு எட்டாது. அதனால் வீட்டில் ஒருவர் "நாத்தம் அடிக்குது" என்று சொல்லி மற்றவர்கள் இல்லை என்றால், சொல்கிறவர் பக்கம் ஒரு தடவை நில்லுங்கள். ஒரு கண்ணாடி பாட்டிலில் பாதியளவு போர் தண்ணீர், இன்னொன்றில் பாதியளவு கேன் தண்ணீர் பிடித்து, மூடி வெயிலில் கொஞ்ச நேரம் வைத்து, எது எது என்று சொல்லாமல் திறந்து காட்டுங்கள். ஆழமாக இழுத்து மோக்க வேண்டாம், மேலாக முகர்ந்தாலே போதும். எங்கள் வீட்டுச் சண்டை அப்படித்தான் தீர்ந்தது.

சரி, தண்ணீர்தான் என்று முடிவானதும் ஒரு பழைய வாட்டர் பாட்டிலில் சமையலறைக் குழாயிலிருந்து பிடித்துக்கொண்டு குடிநீர் வடிகால் வாரிய லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். கட்டணம் கம்மிதான். ரிப்போர்ட்டில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவு) கொஞ்சம் அதிகம், கடினத்தன்மையும் அதிகம், ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லாம் அளவுக்குள். எங்கள் பக்கத்து உப்புத் தண்ணிக்கு அதெல்லாம் சகஜம். "வேற வழியில்லாதப்ப குடிக்கலாம்ங்கம்மா" என்றார்கள். லேப் மீது குற்றம் இல்லை. அவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதில் தண்ணீர் பாஸ். பெட்ரோல் சரக்கு அந்தப் பட்டியலிலேயே இல்லை. இதை முன்பே தெரிந்து வைத்திருங்கள்: சாதாரணத் தண்ணீர் டெஸ்டில் பெட்ரோலில் இருக்கும் பென்சீனும் வராது, எம்டிபிஇயும் வராது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு "தண்ணி நல்லாத்தான் இருக்கு" என்று பல மாதம் ஓட்டியதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

நடுவில் ஒரு ஆர்ஓ மிஷின்காரர் வந்தார். எந்த வாசமாக இருந்தாலும் போய்விடும் என்றார். பதினெட்டாயிரம். டிடிஎஸ் மீட்டரை முக்கிக் காட்டினார், எண் சரசரவென்று இறங்கியது. வாசம் அப்படியே இருந்தது. ஆர்ஓ சவ்வு உப்பைத் தடுக்கும். பென்சீன், எம்டிபிஇ மாதிரியான சின்ன, மின்சுமை இல்லாத மூலக்கூறுகளை நம்பும்படி தடுக்காது. டிடிஎஸ் மீட்டருக்கோ இதெல்லாம் கண்ணிலேயே படாது. கரித்தூள் ஃபில்டர் பென்சீனை நன்றாகப் பிடிக்கும், எம்டிபிஇயைக் கொஞ்சம்தான் பிடிக்கும், கரி சீக்கிரம் நிறைந்துவிடும், எப்போது நிறைந்தது என்று வெளியே தெரியாது. கொதிக்க வைத்தால் போகும் என்று சிலர் சொல்வார்கள். போகும், தண்ணீரிலிருந்து கிளம்பி மூடின சமையலறைக் காற்றில் வந்து நிற்கும். எம்டிபிஇ 55 டிகிரியிலேயே ஆவியாகிற திரவம். கொதிக்க வைக்கிறவர்தான் அதை மூச்சில் இழுக்க வேண்டும். குளிப்பதும் அதே கதை. குடிப்பதை மட்டும் நிறுத்தினால் போதும் என்று நினைக்காதீர்கள்.

பெட்ரோல் என்ற பேச்சே மோட்டார் ரிப்பேர் ஆனபோதுதான் வந்தது. மோட்டாரை மேலே தூக்க வந்த மெக்கானிக் ஒரு லென்த் பைப்பைக் கழற்றியவுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பீடியைத் தூர எறிந்துவிட்டு, "அக்கா, இங்க பக்கத்துல பங்க் இருக்குதுங்களா?" என்றார். இருக்கிறது. மேட்டுப் பக்கம், கூப்பிடு தூரத்தில், ரொம்ப காலமாகவே இருக்கிறது. ஆனால் எங்களுக்கும் பங்குக்கும் நடுவில் இருக்கிற வீட்டுப் போரில் ஒரு வாசமும் இல்லை. "அவுங்களுக்கு வராம உங்களுக்கு மட்டும் எப்படி வரும்?" என்று கேட்காத ஆள் இல்லை. இதற்கு விடை எங்கள் மண்ணில் இருக்கிறது. மேலே கொஞ்சம் மண், அப்புறம் சுக்காம்பாறை, அதற்குக் கீழே கெட்டிப் பாறை. தண்ணீர் பாறை வெடிப்பு வழியாகத்தான் ஓடும். எந்த வெடிப்பு எந்தப் போரில் போய்ச் சேரும் என்று மேலே நின்று சொல்ல முடியாது. நடு வீட்டுக்காரருக்கு வேறு வெடிப்பு, எங்களுக்கு வேறு. கேசிங் பைப்பும் சுக்காம்பாறை தாண்டும் வரைதான், அதற்குக் கீழே வெறும் துளை. நான் மாவுக்காகத் தினமும் மணிக்கணக்கில் மோட்டார் ஓட்டியதும் சேர்ந்து, அந்தப் பக்கத்துத் தண்ணீரை என் பக்கம் இழுத்திருக்கலாம் என்று பிற்பாடு நிலத்தடி நீர்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் விளக்கினார்.

அந்த எம்டிபிஇயைப் பற்றிக் கொஞ்சம். முழுப் பெயர் மெத்தில் டெர்ஷியரி பியூட்டைல் ஈதர். பெட்ரோலில் ஈயம் கலப்பதை நிறுத்தியபோது, இன்ஜின் தட்டாமல் ஓட ஆக்டேனைக் கூட்டுவதற்கு வந்த பொருட்களில் ஒன்று. நம் நாட்டில் 2000-இல் ஈயம் போனது. சில சுத்திகரிப்பு ஆலைகள் இதைச் சேர்த்தன. அமெரிக்காவில் 1979-லிருந்தே சேர்த்தார்கள், காற்று சுத்தமாகும் என்று 1990-களில் அளவைக் கூட்டினார்கள். காற்று சுத்தமானது, தண்ணீர் மாட்டிக்கொண்டது. 1996-இல் கலிபோர்னியாவில் சாண்டா மோனிகா நகரம் தன் குடிநீரில் பாதியளவு தந்துகொண்டிருந்த கிணறுகளையே மூட வேண்டி வந்தது. பிறகு அந்த மாநிலமே இதைத் தடை செய்துவிட்டது. பெட்ரோலில் உள்ள மற்ற சரக்குகள் பெரும்பாலும் மண்ணில் ஒட்டும், கொஞ்சம் கொஞ்சமாகக் கிருமிகள் தின்னும். இது தண்ணீரில் சுலபமாகக் கரையும், மண்ணில் ஒட்டாது, சீக்கிரம் சிதையவும் செய்யாது. அதனால் கசிவுக்கு முன்னோடியாக இதுதான் தூரத்துக் கிணறு வரை வந்து நிற்கும். இப்போது நம் பெட்ரோலில் எத்தனால்தான் பிரதானம், 2022-இல் 10 சதவீதம் எட்டி இப்போது 20-க்கு வந்தாயிற்று. எத்தனால் கிருமிகளுக்குப் பிடித்த தீனி, சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆனால் அதைத் தின்கிற மும்முரத்தில் பென்சீனை விட்டுவிடும்; அதனால் பென்சீன் கூடுதல் தூரம் போகும். ஆக, எத்தனால் வந்துவிட்டது, பழைய கவலை இல்லை என்று இருக்க முடியாது.

டெஸ்டுக்கு வருவோம், இதில்தான் பணத்தைச் சரியாகப் போட வேண்டும். அரசு அங்கீகாரம் உள்ள தனியார் லேபுக்குப் போன் செய்து "தண்ணி டெஸ்ட் பண்ணணும்" என்றால் மறுபடியும் அந்த டிடிஎஸ் பட்டியல்தான் வரும். "விஓசி வேண்டும், ஜிசி-எம்எஸ் மிஷினில் பர்ஜ் அண்ட் டிராப் முறையில் பார்க்க வேண்டும், பென்சீன் டொலுயீன் வகைகளோடு எம்டிபிஇயும் சேர்த்து வேண்டும்" என்று இதே சொற்களில் கேளுங்கள். விஓசி என்றால் சுலபமாக ஆவியாகும் ரசாயனங்கள், மற்றவை அவற்றைப் பிரித்து அளக்கும் மிஷினும் முறையும். எம்டிபிஇ என்று பெயர் சொல்லிக் கேட்காவிட்டால் பல பேக்கேஜில் அது இருக்காது. எனக்கு எட்டாயிரத்துச் சொச்சம் ஆனது.

சாம்பிள் எடுப்பதில் கோட்டை விட்டால் எட்டாயிரமும் தண்டம். லேபே சின்னப் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகள் அனுப்பும், உள்ளே சில சொட்டு ஆசிட் இருக்கும், அதைக் கழுவிக் கொட்டிவிடாதீர்கள். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மேல்தொட்டிக்கு ஏறும் முன் போர் பக்கத்துக் குழாயிலேயே பிடிக்க வேண்டும். தொட்டியில் விழுந்து நின்றால் பாதி ஆவியாகிப் போயிருக்கும். குழாயை மெல்லிசாக வைத்து, சலசலப்பில்லாமல், குப்பி வாயில் தண்ணீர் குமிழாகத் தூக்கி நிற்கிற அளவுக்கு நிரப்பி மூடி, தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே ஒரு காற்றுக் குமிழ்கூட ஓடக் கூடாது, ஓடினால் அந்தக் குப்பி வேண்டாம், வேறு எடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்துத்தான் போக வேண்டும். அப்புறம் இன்னொன்று. சாம்பிள் எடுக்க வந்த தம்பி வழியில் பைக்குக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு அதே கையோடு வந்து நின்றார். கையை சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லி, பைக்கை ரோட்டிலேயே நிறுத்தச் சொன்னேன். லேபில் சுத்தமான தண்ணீர் நிரப்பிய ஒரு குப்பியும் கூடவே வந்து, திறக்காமலே கூடவே திரும்பும். டிரிப் பிளாங்க் என்பார்கள். அதையும் சேர்த்து டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். பின்னால் பங்க் தரப்பு "பைக்ல இருந்து வந்திருக்கும்" என்று சொன்னபோது, அந்தப் பிளாங்கில் ஒன்றுமே இல்லை என்ற ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது.

எங்கள் ரிப்போர்ட்டில் பென்சீன் லிட்டருக்கு 26 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 10. எம்டிபிஇ 180. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை வாசத்துக்கும் ருசிக்கும் சொல்லும் அளவு 20 முதல் 40 வரைதான். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். எம்டிபிஇ மனிதருக்கு அப்படிச் செய்யும் என்று வகைப்படுத்தவில்லை. அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் மட்டுமா குடித்தேன், எத்தனை வீட்டுக்கு மாவு போயிருக்கிறது! டாக்டரிடம் போனோம். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி, அத்தை கண் கரிப்பு தண்ணீரை நிறுத்தினால் தெரிந்துவிடும் என்றார். நிறுத்தினோம், நின்றது. கடைக்காரர்களிடம் நேரில் போய்ச் சொல்லி மாவு கொடுப்பதை நிறுத்தினேன். ஒருத்தர் திட்டினார், மற்றவர்கள் திட்டாமலே வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள்.

பங்க் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "லீக் இருந்தா முதல் நஷ்டம் எங்களுக்குத்தானுங்க. தினமும் டிப் எடுத்து எழுதறோம்" என்றார். டிப் என்றால் டேங்கில் கோல் விட்டு அளவு பார்ப்பது. கேட்க நியாயமாக இருந்தது. ஆனால் நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகினால் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று லிட்டர். ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கிற இடத்தில் அது ஆவி, சூட்டில் விரிவு, குளிரில் சுருக்கம் என்று கணக்கில் கரைந்துவிடும். பத்தில் ஒரு பங்கு சொட்டினாலும் ஒரு போரைக் கெடுக்க அது தாராளம். வாய்ப்பேச்சில் இறங்காமல் எழுத்தில் போனது நல்லதாயிற்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு, அதே நகல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டப் பொறியாளருக்கு, பங்குக்கு லைசென்ஸ் கொடுக்கும் வெடிபொருள் துறைக்கு, ஊராட்சிக்கு. ஒவ்வொன்றுக்கும் ஒப்புகைச் சீட்டு. மனுவில் ஆத்திரத்தை எழுத வேண்டாம். ரிப்போர்ட் எண், சாம்பிள் எடுத்த தேதி, போர் ஆழம், தூரம், கேட்பது என்ன என்று மட்டும் எழுதுங்கள். நான் கேட்டது இரண்டு: அதிகாரிகள் தாங்களாக சாம்பிள் எடுக்க வேண்டும், டேங்கையும் பைப்பையும் பிரஷர் டெஸ்ட் செய்ய வேண்டும். முதல் மனு போட்டு யாரும் வரவில்லை. அடுத்த மனுவில் என்னோடு சேர்ந்து ஆறேழு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டார்கள், அப்போதுதான் ஜீப் வந்தது. "உங்க தண்ணிக்கு ஒண்ணும் இல்லையே, நீங்க எதுக்குங்க?" என்று நடு வீட்டுக்காரரைச் சிலர் கேட்டிருக்கிறார்கள். "நாளைக்கு எனக்கு வராதுன்னு எழுதிக் குடுப்பியா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார், நல்ல மனுஷன்.

டேங்கில் ஓட்டை இல்லை. டேங்கிலிருந்து பம்புக்குப் போகிற நிலத்தடிப் பைப்பில் ஒரு ஜாயிண்ட் பிரஷர் தாங்கவில்லை. மாற்றிவிட்டார்கள். எப்போதிலிருந்து ஒழுகியது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்தக் களேபரத்தில் புதுப் போர் போடச் சொல்லி வந்தவர்கள் தனி ரகம். தேங்காயை உள்ளங்கையில் நிறுத்தி நீரோட்டம் பார்க்கிறவர் தோட்டத்து மூலையில் ஓர் இடம் காட்டினார். ரிக் வண்டிக்காரர் எண்ணூறு அடி, கேசிங்கோடு ஒன்றரை லட்சம் என்று கணக்குப் போட்டார். நிலத்தடி நீர்த் துறை பெரியவரைக் கேட்டேன். "அதே வெடிப்பை மறுபடி போய்க் குத்தினா என்னம்மா பண்ணுவே? மேல நிக்கிற அழுக்குக்கு எண்ணூறு அடிக்கு நீயே வழி போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும்" என்றார். போடவில்லை. இருக்கிற போரை மண் கொட்டி மூடவும் வேண்டாம் என்றார் அவர். வாசம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க அதுதான் ஒரே வழி. மூடி போட்டுப் பூட்டி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் திறந்த கிணறு இருந்து அதில் பெட்ரோல் வாசம் வந்தால் இறங்கிப் பார்க்கவே பார்க்காதீர்கள், பக்கத்தில் பீடி, டார்ச், சுவிட்ச் எதுவும் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், கிணற்றுக்குள்ளேயே தங்கும்.

இப்போது குடிக்கவும் சமைக்கவும் காவிரித் தண்ணி, அது வராத நாளில் கேன். மற்றதுக்குத் தண்ணி லாரி, ஒரு லோடு ஆயிரம் ரூபாய் வரை ஆகிறது. பில் கேட்டு வாங்கி ஃபைலில் வைக்கிறேன். லாரிக்காரர் முதலில் சிரித்தார், இப்போது அவரே எழுதித் தருகிறார். ஆர்ஓ பில், லேப் பில், மாவு வியாபார நோட்டு எல்லாம் அதே ஃபைலில். நஷ்டஈடு என்று ஒரு பைசா இன்னும் வரவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வில் கேட்கலாம், நஷ்டஈட்டு மனுவுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம் உண்டு, சாதாரணச் சுற்றுச்சூழல் வழக்கு மனுவுக்கு ஆறு மாதம்தான் என்று வக்கீல் சொன்னார். அந்த ஆறு மாதக் கெடுவை யாரும் முதலில் சொல்வதில்லை, குறித்து வையுங்கள்.

ரோட்டோரம் சைட் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டா, வில்லங்கம் பார்க்கிறோம், அந்த இடத்திலோ மேட்டுப் பக்கத்திலோ முன்னால் என்ன இருந்தது என்று கேட்பதில்லை. மூடிப்போன பங்க், லாரி ஒர்க்‌ஷாப், டீசல் டேங்க் புதைத்த பழைய மில், பஸ் நிற்கிற செட் என்று இருந்தால், டோக்கன் அட்வான்ஸுக்கு முன்னால் அந்த எட்டாயிரத்தைச் செலவழித்து அக்கம்பக்கத்துப் போர் ஒன்றில் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் இப்போது ஒருத்தர் அப்படித்தான் எடுத்துப் பார்த்துவிட்டு சைட் வாங்கியிருக்கிறார். அவருக்கு பென்சீன், எம்டிபிஇ இரண்டும் இல்லை என்று வந்தது. எங்கள் போரில் கடைசியாக எடுத்ததில் பென்சீன் 14, எம்டிபிஇ 120-க்குக் கிட்ட. இறங்குகிறது. மழைக்காலம் முடிந்து தண்ணீர் மட்டம் ஏறியதும் மறுபடி ஒரு தடவை எடுக்க வேண்டும், லேபில் சொல்லி வைத்திருக்கிறேன்.